பாக்கிக்குக் கையெழுத்து வாங்குவோம்

"இன்று ரொக்கம், நாளை கடன்" என்று எழுதிய பலகை இல்லாத கடை நம் பக்கத்தில் குறைவு. அந்தப் பலகைக்கு நேர் கீழேதான் கடன் நோட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மானாவாரி பூமியில் கடன் இல்லாமல் வியாபாரம் ஏது? விவசாயிக்கு வெள்ளாமை வீட்டுக்கு வந்தால்தான் பணம். தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆபீசுக்கும் போகிறவர்களுக்கு வாரச் சம்பளம் கைக்கு வந்தால்தான் பணம். அதுவரை அவர்கள் வீட்டு உலை கொதிக்கச் சில்லறைக் கடைக்காரர் பருப்பும் எண்ணெயும் கடனாகக் கொடுக்கிறார். அவர் நம்மிடம் தவணை சொல்கிறார். நாம் மில்லுக்காரரிடம் தவணை சொல்கிறோம். ஒருவர் கை நீட்ட, அடுத்தவர் கை கொடுக்க, இப்படித்தான் இந்த வியாபாரம் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது.

ஆகவே, கடன் கொடுக்கலாமா கூடாதா என்று எழுத இந்தக் கட்டுரையை ஆரம்பிக்கவில்லை. கொடுத்த கடனுக்கு நம் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறோம்.

சங்கக் கூட்டத்தில் வசூல் பேச்சு வந்தாலே நம்மவர்கள் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். காலம் கெட்டுப்போய்விட்டது, நாணயம் செத்துப்போய்விட்டது, அந்தக் காலத்தில் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு இருந்தது என்பார்கள். நாமும் இதைப் பல தடவை பேசியிருக்கிறோம். விருதுநகரில் பருப்பு, வற்றல், எண்ணெய் மொத்த வியாபாரத்தில் நாற்பத்தைந்து வருடம் உட்கார்ந்து பார்த்துவிட்டோம். மூழ்கிப்போன பாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டினால், பாதிக்கு மேல் நம்முடைய அசட்டையால் மூழ்கியவை என்பதுதான் உண்மை. கொடுத்தவர் கணக்கை ஒழுங்காகக் கட்டி வைத்திருந்தால் வாங்கியவருக்கு ஏமாற்ற மனசே வந்திருக்காது. சிலர் ஏமாற்றவே இல்லை. அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று நாமே முடிவு கட்டியிருக்கிறோம். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறோம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நம் வியாபாரத்தில் செலவு போக நூற்றுக்கு 2 ரூபாய் நின்றால் அது நல்ல வருடம். ஒரு லட்ச ரூபாய் பாக்கி மூழ்கினால் அதை மீட்க 50 லட்ச ரூபாய்ச் சரக்கு விற்க வேண்டும். அதற்கு எத்தனை மூடை இறக்கி ஏற்ற வேண்டும், எத்தனை நாள் விடியற்காலையில் கடை திறக்க வேண்டும் என்று அவரவர் யோசித்துக்கொள்ளலாம். ஒரு மூடைக்கு 10 ரூபாய் குறைத்துக் கேட்டால் அரை மணி நேரம் வாதாடுகிற நாம், லட்ச ரூபாய் பாக்கிக்கு ஒரு வரி எழுதி வாங்கக் கூச்சப்படுகிறோம்.

நமது கடையில் நடந்ததையே சொல்கிறோம். காரியாபட்டி லைனில் ஒரு மளிகைக் கடைக்காரர். பெயர் வேண்டாம். இருபத்திரண்டு வருடப் பழக்கம். கல்யாணம் காட்சிக்கு வருவார், போவார். ஆரம்பத்தில் அவர் கணக்கில் நாற்பதாயிரம் நிற்கும், அடையும், மறுபடி நிற்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஏற விட்டது நாம்தான். வருட முடிவில் சரக்கு தேங்கி நின்றால் "அண்ணாச்சி, பத்து மூடை கூட இறக்கிக்கிடுங்க, பணத்தைப் பிறகு பார்த்துக்கிடலாம்" என்று கேட்காதவர் கடையிலும் இறக்கி வைத்தோம். 2016 ஆகஸ்டில் கடைசி பில் போட்டபோது பாக்கி மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது. நவம்பரில் ஐநூறு, ஆயிரம் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு வந்தது. அவர் வியாபாரம் அன்று விழுந்ததுதான், பிறகு எழவில்லை. சரக்கு நிறுத்தினோம். நமது லைன் தம்பி வாரம் போய் ஆயிரம், இரண்டாயிரம் என்று வாங்கி வருவார். நமது ரசீதுப் புத்தகத்தில் ரசீது கிழித்துக் கொடுப்பார். 2018 தீபாவளியோடு அதுவும் நின்றது. நின்ற பாக்கி 2,86,400 ரூபாய்.

2019 ஜூனில் நாமே நேரில் போனோம். காப்பி வாங்கிக் கொடுத்தார். "ஆவணிக்குள்ள முடிச்சிருதேன் அண்ணாச்சி" என்றார். முகத்தைப் பார்த்துவிட்டு மேலே பேச வாய் வரவில்லை. திரும்பி வந்துவிட்டோம். ஆவணி போயிற்று, ஐப்பசி போயிற்று. டிசம்பரில் பேரேடு, பில் புத்தகம், ரசீதுப் புத்தகம் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வக்கீலிடம் போனோம். அவர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "இதில் அவர் கையெழுத்து எங்கே இருக்கிறது?"

பில்லில் சரக்கு இறக்கிய பையன் கையெழுத்து இருந்தது. ரசீதில் நமது தம்பி கையெழுத்து இருந்தது. பேரேட்டில் நமது கணக்கப்பிள்ளை எழுத்து இருந்தது. பாக்கிக்காரர் கையெழுத்து எங்கேயும் இல்லை.

வக்கீல் அன்று விளக்கிச் சொன்னதை நம் உறுப்பினர்களுக்காக எழுதுகிறோம். பலருக்குத் தெரிந்திருக்கலாம். தெரியும் என்று நினைத்துக்கொண்டு தவறாகத் தெரிந்தவர்கள்தான் அதிகம், நம்மைப்போல.

1963-ம் வருடத்துக் காலவரையறைச் சட்டப்படி, விற்ற சரக்கின் பணத்துக்கு வழக்குப் போட 3 வருடம்தான் கெடு. தவணை சொல்லாமல் கொடுத்த சரக்கு என்றால் சரக்கு ஒப்படைத்த நாளில் இருந்து எண்ண வேண்டும். தவணை சொல்லிக் கொடுத்திருந்தால் தவணை முடிந்த நாளில் இருந்து எண்ண வேண்டும். 3 வருடம் கழிந்தால் கடன் கடன்தான், ஆனால் கோர்ட்டுப் படி ஏற முடியாது. இந்தக் கெடுவைப் புதுப்பிக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. கெடு முடிவதற்குள் பாக்கிக்காரர் "இவ்வளவு தரவேண்டியது உண்டு" என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், போட்ட நாளில் இருந்து புதிதாக 3 வருடம் கிடைக்கும்.

நடுவில் பணம் கொடுத்தாலும் கெடு புதுப்பிக்கும் என்று நம்மவர்கள் எல்லோரும் நம்புகிறார்கள். அது பாதி உண்மை. பணம் கொடுத்ததற்கு, கொடுத்தவருடைய எழுத்தோ கையெழுத்தோ இருக்க வேண்டும். நாம் கொடுக்கிற ரசீதில் இருப்பது நம்முடைய கையெழுத்து. அது அவருக்குச் சாட்சி, நமக்குச் சாட்சியாகாது. இரண்டு வருடமாக வாரா வாரம் ரசீது கிழித்துக் கொடுத்ததில் நமது கெடு ஒரு நாள்கூட நீளவில்லை. 2016 ஆகஸ்டு பில்லுக்கு 2019 ஆகஸ்டோடு முடிந்துபோயிற்று. நாம் வக்கீல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தது நான்கு மாதம் பிந்தி. ஜூனில் காப்பி குடித்தோமே, அன்றைக்கு ஒரு தாளில் இரண்டு வரி எழுதி வாங்கியிருந்தால் 2022 வரை நமக்குக் கெடு இருந்திருக்கும். ஆவணி என்று அவர் சொன்னது தெரிந்து சொன்னதா, தெரியாமல் சொன்னதா என்று இன்றுவரை நமக்கு விளங்கவில்லை. தெரியாமல் சொன்னது என்றே வைத்துக்கொண்டிருக்கிறோம்.

கெடு முடிந்த பிறகு வாங்குகிற வெறும் ஒப்புதல் பயன்படாது. 1872-ம் வருடத்து ஒப்பந்தச் சட்டப்படி, "இந்தப் பழைய கடனை நான் கொடுக்கிறேன்" என்று புதிதாக எழுத்தில் வாக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். மூழ்கிய பிறகு அப்படி எழுதிக் கொடுக்கிற மகராசன் எத்தனை பேர்?

பேரேடு இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒழுங்காக வைத்த கணக்குப் புத்தகத்தைக் கோர்ட்டு சாட்சியாக எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பதிவை மட்டும் வைத்து ஒருவர்மேல் கடன் சுமத்த முடியாது என்று பழைய சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அதே விதியை வைத்திருக்கிறார்கள். இதில் தப்பு சொல்ல முடியாது. நம் புத்தகத்தில் நாமே எழுதியது மட்டும் போதும் என்றால் யார் யார்மேலும் எதையும் எழுதிவிடலாமே.

அது எவ்வளவு சரி என்பது நமக்குப் புரிந்தது 2021-ல்தான்.

திருச்சுழி லைனில் ஒரு கிராமத்துக் கடை. கணவனும் மனைவியுமாக நடத்தினார்கள். கொரோனா இரண்டாவது அலையில், மே மாதம் அந்தக் கடைக்காரர் இறந்துபோனார். வயது ஐம்பதுகூட இல்லை. நமது பேரேட்டில் அவர் பேரில் 64,500 ரூபாய் நின்றது. கருமாதி முடியட்டும் என்று இருந்தோம். அதற்குப் பிறகும் இரண்டு மாதம் விட்டுத்தான் போனோம். அந்த அம்மாள் கடையைத் திறந்து வைத்திருந்தார். பாக்கி என்றதும் அழவில்லை, மறுக்கவில்லை. உள்ளே போய் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்தார்.

"அவுக எழுதி வச்சதுல நாற்பத்தாறாயிரத்து ஐநூறுன்னு இருக்கு அண்ணாச்சி. நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

நோட்டில் தேதி போட்டு மூன்று இடத்தில் 6,000, 5,000, 7,000 என்று நமது லைன் தம்பியிடம் கொடுத்ததாக எழுதியிருந்தது. ஆக 18,000 ரூபாய். நமது புத்தகத்தில் அந்த மூன்று வரவும் இல்லை. ரசீதைக் கேட்டோம். "பழகுன பையன்தானேன்னு ரசீது கேக்க மாட்டாக" என்றார். யோசித்துச் சொல்கிறோம் என்று திரும்பினோம்.

கணக்கப்பிள்ளை ஒரே பேச்சாகச் சொன்னார், நோட்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று. நாமும் அப்படித்தான் நினைத்தோம். நினைத்ததோடு நிற்கவில்லை. மண்டியில் எடை போடுகிற இடத்தில் நாலு பேர் காது கேட்க, செத்தவர் கணக்கிலேயே கை வைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டோம். மண்டியில் சொன்ன வார்த்தை ஊர் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்?

ஒரு வாரம் கழித்து மனசு கேட்காமல் அதே லைனில் மற்றக் கடைகளின் கணக்கை எடுத்துக்கொண்டு போனோம். வேறு இரண்டு கடைகளில், அதே தேதிகளில், அவர்கள் கொடுத்ததாகச் சொன்ன பணமும் நமது புத்தகத்தில் இல்லை. அந்தத் தம்பி அந்த வருடம் பொங்கலுக்கே சொல்லாமல் வேலையை விட்டுப் போயிருந்தார். ஏன் போனார் என்று அப்போதுதான் தெரிந்தது. நோட்டில் இருந்தது சரி. பேரேட்டில் இருந்ததுதான் தப்பு.

அந்த அம்மாள் வீட்டுக்குப் போய் நமது பக்கத்துத் தப்பைச் சொன்னோம். 46,500 ரூபாயை மாதம் ஐயாயிரமாகக் கொடுத்துப் பத்தாவது மாதம் கணக்கைத் தீர்த்தார். இன்றைக்கும் நம்மிடம்தான் சரக்கு எடுக்கிறார். மண்டியில் நாம் சொன்ன பேச்சைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேள்விப்படாமல் இருந்திருக்க மாட்டார்.

வருடம் ஒரு தடவை இரண்டு பேரும் உட்கார்ந்து பாக்கியை ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தத் தம்பி முதல் ஆறாயிரத்திலேயே மாட்டியிருப்பார். அடுத்த பன்னிரண்டாயிரத்துக்கு அவருக்குத் துணிச்சல் வந்திருக்காது. செத்துப்போன ஒரு நல்ல மனிதர் பேரை நாம் மண்டியில் இழுத்திருக்கவும் மாட்டோம். கையெழுத்து என்றால் வாங்கியவர் கழுத்தில் போடுகிற கயிறு என்றுதான் நம்மவர்கள் நினைக்கிறார்கள். வாங்கியவருக்குத்தான் அது முதல் பாதுகாப்பு. கடைக்காரர் காலமானால் வாரிசுகள் அவர் விட்டுச் சென்ற சொத்து அளவுக்குக் கடனுக்குப் பொறுப்பு. எவ்வளவு கடன் என்று தெரியாமல் ஒரு விதவைத் தாய் மொத்த வியாபாரிகள் ஆளுக்கொரு தொகை சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்கிற நிலையை யோசித்துப் பார்க்க வேண்டும்.

நமது இதழைச் சில்லறைக் கடைக்காரர்களும் படிக்கிறார்கள். அவர்கள் பக்கத்துக் குறைகளையும் மறைக்கக் கூடாது. திருப்பி அனுப்பிய வண்டு விழுந்த பருப்புக்கு வரவு வைக்க மொத்த வியாபாரிகள் மூன்று மாதம் இழுக்கிறார்கள். கொட்டு வாயில் குறைந்த எடைக்குக் கழிவு தருகிறோம் என்று வாயால் சொல்வதோடு சரி. கடனுக்கு எடுத்தால் விலையிலேயே வட்டியைச் சேர்த்துவிட்டு, தாமதமானால் மறுபடி ஒரு வட்டி எழுதுகிறார்கள். இவையெல்லாம் உண்மை. நமது கடையிலும் நடந்திருக்கிறது. வருடாவருடம் கணக்கு ஒப்பிட்டால் இதெல்லாம் அன்றைக்கே மேசைக்கு வந்துவிடும். பாக்கிக்காரர் கையெழுத்துப் போடுமுன் "இந்த இரண்டு மூடை எங்கே?" என்று கேட்பார், கேட்க வேண்டும்.

இதற்கு நம்மவர்கள் சொல்கிற ஒரே மறுப்பு: கையெழுத்துக் கேட்டால் கோபித்துக்கொண்டு அடுத்த மண்டிக்குப் போய்விடுவார்கள். இது வெறும் சாக்கு அல்ல. நாமும் பயந்திருக்கிறோம். இருபது வருடம் பழகியவரிடம் தாளை நீட்டினால், என்மேல் நம்பிக்கை இல்லையா என்றுதான் முதலில் கேட்பார். ஒரு மண்டி கேட்டு, பக்கத்து மண்டி கேட்காவிட்டால் கேட்டவர் கெட்டவர் ஆகிவிடுகிறார். அதனால்தான் இது தனிக் கடை செய்கிற காரியம் இல்லை என்கிறோம். சங்கம் செய்ய வேண்டும். சித்திரைப் புதுக்கணக்கு போடுகிற வாரத்தில் எல்லா மண்டியும், எல்லா லைனிலும், ஒரே மாதிரிப் படிவத்தில், சங்கத்தின் பெயர் போட்ட தாளில் கணக்கு ஒப்புதல் வாங்குவது என்று தீர்மானம் போட வேண்டும். எல்லோரும் கேட்டால் அது வழக்கமாகிவிடும், சந்தேகமாகத் தெரியாது. புதுக்கணக்குக்கு மஞ்சள் குங்குமம் வைக்கிறோமே, அதோடு இதுவும் ஒன்றாகிவிடும்.

படிவம் பெரிதாக வேண்டாம். மார்ச் 31-ம் தேதியில் இவர் கணக்கில் இவருக்குத் தரவேண்டிய பாக்கி இவ்வளவு ரூபாய், எழுத்தாலும் எண்ணாலும். கீழே கையெழுத்து, தேதி, கடை முத்திரை. இரண்டு பிரதி, இரண்டிலும் இரண்டு பேரும் கையெழுத்து, ஆளுக்கு ஒன்று. சொந்தக்காரர்தான் போட வேண்டும், கடைப் பையன் போட்டால் பிரயோஜனமில்லை. கூட்டு வியாபாரம் என்றால் நிர்வாகம் பார்க்கிற பங்குதாரர் போட வேண்டும், மற்றப் பங்குதாரர்களும் போட்டால் இன்னும் நல்லது. தேதி போட மறந்தால் பாதி வேலை கெட்டது. வாட்ஸ்அப்பில் கணக்கு அனுப்பினேன், சரி என்று பதில் போட்டார் என்கிறார்கள் இளைஞர்கள். அது எவ்வளவு தூரம் நிற்கும் என்று வக்கீல்களே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தாளில் கையெழுத்துக்கு இரண்டு பேச்சு கிடையாது.

செக் வாங்கி வைத்திருக்கிறோமே, போதாதா என்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. செக் திரும்பினால் குற்ற வழக்கு என்பது 1989 ஏப்ரல் முதல் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு படிக்கும் கெடு உண்டு. செக்கில் போட்ட தேதியில் இருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். 2012-க்கு முன் 6 மாதம் இருந்தது, அந்த நினைப்பிலேயே இன்னும் சிலர் இருக்கிறார்கள். திரும்பியது தெரிந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு படி தவறினாலும் அந்த வழக்கு போச்சு. 2018 திருத்தத்துக்குப் பிறகு வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகத் தரச் சொல்லிக் கோர்ட்டு உத்தரவிடலாம். நல்ல திருத்தம். ஆனாலும், அந்தச் செக் எந்தப் பாக்கிக்கு என்று எதிர் வக்கீல் கேட்கும்போது காட்ட ஒப்புக்கொண்ட கணக்கு ஒன்று இருந்தால் நமக்குத் தெம்பு. தேதி, தொகை போடாத செக்கை வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களைப் பார்த்தால் நமக்குப் பயமாக இருக்கிறது.

ஆள் அனுப்பி வசூல் செய்வதைப் பற்றிச் சிலர் மெதுவாகப் பேசுகிறார்கள். அதைப் பற்றி எழுதவே பிடிக்கவில்லை. போன ஆள் கடை வாசலில் சத்தம் போட்டால் போலீஸ் வழக்கு நம்மேல்தான் வரும். பாக்கி அதோடு முடிந்தது.

அரசாங்கம் நமக்கு என்ன செய்திருக்கிறது என்றால், அதிகம் இல்லை. உற்பத்தி செய்கிற சிறு தொழில்களுக்கு 2006-ம் வருடத்துச் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் கூட்டு வட்டி உண்டு. நம்மில் பருப்பு மில் வைத்திருப்பவர்கள் பதிவு செய்துகொண்டு இதைப் பயன்படுத்தலாம். வாங்கி விற்கிற நம்மை 2021 ஜூலையில் அந்தப் பதிவுக்குள் சேர்த்தபோது, வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும் என்று வரம்பு கட்டித்தான் சேர்த்தார்கள். பணம் வராவிட்டால் 45 நாள் சட்டம் நமக்கு இல்லை. ஜி.எஸ்.டி.யிலோ இன்னும் மோசம். எண்ணெய் டின்னுக்கும் வற்றலுக்கும் பில் போட்ட அடுத்த மாதமே வரியைக் கட்டியாக வேண்டும், பணம் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. பாக்கி மூழ்கினால் வருமான வரிக் கணக்கில் வராக்கடன் என்று எழுதித் தள்ளலாம். கட்டிய ஜி.எஸ்.டி. திரும்பி வராது. சங்கங்கள் இதை எடுத்துப் பேச வேண்டும். ஒன்று மட்டும் நமக்குச் சாதகம்: வாங்கியவர் 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் அவர் எடுத்த வரி வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். பதிவு செய்த கடைக்காரர்களிடம் இதை ஞாபகப்படுத்தினால் சில சமயம் வேலை செய்கிறது. பதிவே இல்லாத கிராமத்துக் கடைக்கு அதுவும் பொருந்தாது.

கோர்ட்டுக்குப் போகத்தான் வேண்டும் என்றால், தமிழ்நாட்டில் 2017-ல் கோர்ட்டுக் கட்டணத்தை ஏழரை சதவீதத்தில் இருந்து 3 சதவீதமாகக் குறைத்தார்கள். அதற்கு முன்னால் மக்கள் நீதிமன்றம் ஒன்று இருப்பதை மறக்கக் கூடாது. வழக்குப் போடும் முன்பே தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு எழுதினால் அது கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் இல்லை. நமது கடைப் பாக்கி ஒன்று, ஒரு லட்சத்துக்கு மேல், அங்கே ஆறு தவணையாகப் பேசி முடிந்தது. அன்றைக்கும் அங்கிருந்த ஐயா முதலில் கேட்டது, பாக்கியை அவர் ஒப்புக்கொண்டு எழுதியது ஏதாவது இருக்கிறதா என்றுதான். இருந்தது. அரை மணி நேரத்தில் பேச்சு தவணைக்கு வந்துவிட்டது.

சங்கம் தீர்மானம் போடட்டும் என்று காத்திராமல் போன சித்திரைக்கு நமது கடையில் ஆரம்பித்துவிட்டோம். தாளைக் கொடுத்து லைன் ஆளை அனுப்பவில்லை, நாமும் மகனுமாகப் பங்கிட்டுக்கொண்டு நேரில் போனோம். 140 கணக்கில் 121 பேர் கையெழுத்துப் போட்டார்கள். முதல் நாலைந்து கடைகளில் நமக்குத்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது. திருச்சுழிக்காரரின் கதையைப் பெயர் சொல்லாமல் சொன்ன பிறகு யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒருவர் மட்டும், அப்பா காலத்தில் இருந்து இல்லாத பழக்கம் என்று சொல்லி நம் கணக்கை முடித்துக்கொண்டு போனார், முழுப் பாக்கியையும் ரொக்கமாகக் கட்டிவிட்டு. மற்றவர்கள் பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். ஒப்பிட்டதில் ஒன்பது கணக்குகளில் வித்தியாசம் வந்தது. அதில் ஆறு நமது புத்தகத்துத் தப்பு.

அந்தப் படிவத்தின் மாதிரி ஒன்றைச் சங்க அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறோம். அடுத்த பொதுக்குழுவில் இதைப் பொருளாக வைக்கும்படி செயலாளருக்குக் கடிதமும் எழுதியிருக்கிறோம். மே 5 வணிகர் தினக் கூட்டம் வரை தள்ள வேண்டாம் என்பது நமது வேண்டுகோள், அதற்குள் சித்திரை பிறந்துவிடும்.